ரயில் சிநேகம் நட்பாவது எப்படி?

‘ரயில் சிநேகம்’ என்று ஒரு சொல் நம்மிடம் உண்டு. கொஞ்சம் இளக்காரமாகத்தான் அதைச் சொல்வோம். ஏறிய இடத்தில் தொடங்கி இறங்கிய இடத்தில் முடிந்துபோகிற பழக்கம், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்கிற தொனி அதில் இருக்கும். ஆனால் அதே ரயிலில், எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரிடம், கூடப்பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாத ஏதோ ஒன்றை நாம் சொல்லியிருப்போம். விடியற்காலையில் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போன பிறகுதான், பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்று தோன்றும்.

பயணத்தில் மனிதர்களோடு பழகுவது ஏன் சில சமயம் அவ்வளவு எளிதாக நடந்துவிடுகிறது, ஏன் பெரும்பாலும் ஒட்டாமலே போகிறது என்பதை, இப்போதுதான் ஊர்சுற்றத் தொடங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கும் சேர்த்துத்தான். நானும் அந்தக் கட்சி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழக்கம் என்பது நின்ற இடத்தில் உண்டாவது. நாமோ எங்கேயும் நிற்காமல் இருப்பதற்காகவே பயணத் திட்டம் போடுகிறோம்.

இரண்டு வகைப் பழக்கம்

பயணத்தில் கிடைக்கும் பழக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வது வசதி. ஒன்று, அந்த நேரத்தோடு முடிவது. வழி சொன்னவர், மழைக்கு ஒதுங்கிய இடத்தில் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தவர், மூட்டைக்கு ஒரு கை கொடுத்தவர். இன்னொன்று, வீடு திரும்பிய பிறகும் தொடர்வது. முதல் வகையைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. இரண்டாவதுதான் நிஜம் என்று அதையே தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் கோட்டை விடுகிறார்கள். ‘இவர் நமக்கு நண்பராகத் தேறுவாரா’ என்று எடை போட்டுக்கொண்டே பேசினால், எதிரில் இருப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் எழுதிய ஒரு கட்டுரை, அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு ஒரு மரியாதையை வாங்கிக்கொடுத்தது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்த விஷயம் அநேகமாக நமக்கும் தெரிந்தே இருக்கும். புதிய செய்தியும் புதிய வாய்ப்பும் நம் வட்டத்துக்குள் வருவது, எப்போதோ பார்த்த, எப்போதாவது பேசுகிற ஆட்கள் வழியாகத்தான் என்றார் அவர். அவர் ஆராய்ந்தது மக்களுக்கு வேலை கிடைக்கும் விதத்தை. ஆனால் ஊர் ஊராகப் போகிறவனுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

பழக்கம் ஏற்பட்டதா இல்லையா என்று பார்க்க என்னிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. நான் கிளம்பிய மறுநாள் அந்த ஊரில் யாராவது என்னைப் பற்றி ஒரு வாக்கியமாவது பேசுவார்களா? ‘தினமும் கதவைத் தப்பான பக்கம் தள்ளுவாரே, அந்த ஆள் போய்விட்டாரா?’ அவ்வளவு போதும். பத்து நாளில் எட்டு ஊர் பார்த்த ஒரு பயணத்தில் எனக்கு அந்த ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை என்று அடித்துச் சொல்வேன்.

முகம் தெரியாதவரிடம் ஏன் மனம் திறக்கிறோம்

ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908-இலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அந்நியன் ஒருவன் வந்தால், நெருங்கியவர்களிடம் மறைத்துவைக்கும் விஷயங்களைக்கூடச் சிலர் அவனிடம் கொட்டிவிடுகிறார்கள்; கிட்டத்தட்டப் பாவமன்னிப்புக் கேட்பதைப்போல. காரணம் எளிது. அந்த ஊர்ச் சண்டையில் அவனுக்குப் பங்கில்லை. நாளைக்கு இங்கே இருக்க மாட்டான். அவனிடம் சொன்னது அக்கம்பக்கத்துக்குப் போகாது.

பயணம் செய்கிறவர் பக்கத்திலும் இதே கணக்குதான். வீட்டில் நமக்கு ஒரு வேடம் ஏற்கெனவே தைத்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது: பொறுப்பான மூத்தவன், கோபக்காரி, கணக்கில் புலி, எதற்கும் அழாதவள். வேற்றூரில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. பிரிட்டனில் பிறந்த மானுடவியலாளர் விக்டர் டர்னர் யாத்திரை போகிறவர்களைப் பற்றி நிறைய எழுதியவர். வழக்கமான வாழ்க்கையை விட்டு வெளியே வந்து, அடுத்த இடத்துக்கு இன்னும் போய்ச் சேராத அந்த இடைப்பட்ட நேரத்தில் பதவி, படிப்பு, வயது எல்லாம் பின்னுக்குப் போய் மனிதர்களுக்கிடையே ஒரு தோழமை முளைக்கிறது என்று அவர் சொன்னார். பேருந்து நடுவழியில் பழுதாகி நின்ற அனுபவம் இருந்தால், அவர் சொல்வது புரிய வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் மனம் திறப்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. ஸிக் ரூபின் என்ற உளவியலாளர் 1970-களில் பாஸ்டன் விமான நிலையத்தில் ஒரு சோதனை செய்தார். விமானத்துக்காகக் காத்திருந்தவர்களிடம் போய், கையெழுத்து ஆராய்ச்சி என்று சொல்லி, தங்களைப் பற்றிச் சில வரிகள் எழுதித் தரச் சொன்னார்கள். கேட்பவர் முதலில் தன்னைப் பற்றி ஏதாவது எழுதிக் காட்டுவார். அவர் கொஞ்சம் மனம் விட்டு எழுதினால், எதிரில் இருப்பவரும் கொஞ்சம் மனம் விட்டு எழுதினார். ஆனால் அந்த வரிகளை அவருக்கென்றே எழுதுவதுபோல, எடுத்த எடுப்பில் ரொம்ப அந்தரங்கமாக எழுதிக் காட்டியபோது, ஆட்கள் சந்தேகப்பட்டுப் பின்வாங்கினார்கள். நமக்கும் தெரிந்ததுதான் இது. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தன் விவாகரத்துக் கதையை ஆரம்பிக்கிறவரிடம் நாம் ஜன்னல் பக்கம்தானே திரும்புகிறோம்?

பேச்சுக்கொடுப்பது

சிகாகோவில் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வேலைக்குப் போக ரயிலேறும் பயணிகளை வைத்து ஒரு சோதனை நடத்தி 2014-இல் வெளியிட்டார்கள். சிலரை, பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாதவரோடு பேசச் சொன்னார்கள். சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள். சிலரை வழக்கம்போல இருக்கச் சொன்னார்கள். இதில் எது நன்றாக இருக்கும் என்று வேறு பயணிகளிடம் முன்கூட்டியே கேட்டபோது, தனியாக இருப்பதுதான் சுகம் என்றார்கள். நடந்தது நேர்மாறு. பேசியவர்களுக்குத்தான் பயணம் நன்றாகப் போயிருந்தது. முகத்தில் அடித்தாற்போல யாராவது மறுத்துவிடுவார்களோ என்ற பயமும் வீண். அப்படி நடந்ததாகப் பேசியவர்களில் எவரும் சொல்லவில்லை.

சரி, பேசிவிட்டோம். அப்புறம் ராத்திரி படுக்கையில் இன்னொரு தொல்லை: உளறிவிட்டோமோ? அவருக்கு நம்மைப் பிடித்திருக்குமா? 2018-இல் வெளியான இன்னோர் ஆய்வு இதைத்தான் அளந்து பார்த்தது. முதல்முறை பேசிக்கொண்ட இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டால், மற்றவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்திருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறாரோ, அதைவிட உண்மையில் அதிகமாகவே பிடித்திருக்கிறது. இரண்டு பேரும் தங்களைக் குறைத்தே மதிப்பிட்டுக்கொள்கிறார்கள். கூச்சப்படுகிறவர்கள் இதை எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

எப்படித் தொடங்குவது என்று கேட்டால், எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றைப் பற்றிக் கேட்பது. ‘எந்த ஊர், என்ன வேலை’ என்று கேட்டால் பதில் வரும், பேச்சு வராது. அது விண்ணப்பப் படிவம் நிரப்புவதுபோல. ஜன்னலுக்கு வெளியே தெரிகிற பாதி கட்டி விடப்பட்ட பாலத்தைக் காட்டி, ‘இதை ஏன் இப்படி விட்டுவிட்டார்கள், உங்களுக்குத் தெரியுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தவருக்கு ஒரு கதை இருக்கும். தெரியாதவரும் ஓர் ஊகம் சொல்வார். அவர் காதில் கருவி மாட்டியிருந்தால், புத்தகத்தில் மூழ்கியிருந்தால், பதில் இரண்டு சொல்லோடு நின்றுவிட்டால், சிகாகோ ஆய்வை நினைத்துக்கொண்டு மேலே மேலே கேட்காதீர்கள். பேசாமல் இருக்க விரும்புகிறவருக்கும் அந்த இருக்கை சொந்தம்.

மொழி தெரியாத இடத்தில் என்ன செய்வது? அந்த ஊர் மொழியில் பத்துச் சொல் கற்றுக்கொண்டு, அதைத் தப்பும் தவறுமாகப் பேசுவதுதான் நான் கண்ட சிறந்த முறை. கைபேசி மொழிபெயர்ப்பு மிகத் துல்லியமாக வேலை செய்கிறது. அந்தத் துல்லியத்தில் சிரிப்பதற்கு ஒன்றுமே இருப்பதில்லை. நீங்கள் ஒரு சொல்லைக் கொலை செய்யும்போது எதிரில் இருப்பவர் திருத்துகிறாரே, அந்தக் கணத்தில் அவர் ஆசிரியர் ஆகிவிடுகிறார். அதற்குப் பிறகு உங்கள் மேல் அவருக்கு ஓர் உரிமை வந்துவிடுகிறது.

மணிக்கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்தக் கணக்காக இருக்கட்டும். கன்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நட்புக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்தார். அவர் பார்த்தது புதிய ஊருக்குக் குடிபோனவர்களையும், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும். வெறுமனே தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராக மாற ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டியிருந்தது. நண்பர் என்று தயங்காமல் சொல்ல சுமார் 90 மணி நேரம். நெருங்கிய நண்பர் ஆக 200 மணி நேரத்துக்கு மேல். ஒரே இடத்தில் வேலை பார்த்த நேரம் இந்தக் கணக்கில் அதிகம் உதவவில்லை. சும்மா சேர்ந்து இருந்த நேரம்தான் உதவியது.

நட்பை இப்படிக் கடிகாரத்தில் அளக்கலாமா என்று எனக்கும் ஒரு முணுமுணுப்பு உண்டு. இருந்தாலும் இந்த எண்களைப் பயணத்தில் போட்டுப் பாருங்கள். ஒருநாள் சுற்றுலா வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தவரோடு கழிவது எட்டு மணி நேரம். அதில் பாதி நேரம் வழிகாட்டி பேசுவார். நன்றாகப் பேசினோம், கைபேசி எண்ணும் வாங்கிக்கொண்டோம், அப்புறம் ஏன் ஒட்டவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமே இல்லை. இன்னும் 42 மணி நேரம் பாக்கி இருக்கிறது. ஐந்து நாள் மலையேற்றத்தில் அதே ஆட்களோடு நாளுக்குப் பத்து மணி நேரம் போனால், 50 அங்கேயே முடிந்துவிடுகிறது. மலையேற்றத்தில் கிடைத்த நண்பர்கள் நிலைக்கிறார்கள் என்று பலர் சொல்வதற்கு மலையின் அழகு காரணமில்லை என்றே நினைக்கிறேன். வேறு எங்கேயும் போக வழியில்லை, அதுதான் காரணம்.

ஸ்பெயினில் சந்தியாகோவுக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பிரெஞ்சு எல்லையோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து தொடங்கும் வழி ஏறக்குறைய 780 கிலோமீட்டர். நடந்து முடிக்க ஒரு மாதத்தை ஒட்டி ஆகும். யாத்ரீகர் விடுதிகளில் பெரும்பாலும் ஓர் இரவுக்கு மேல் தங்க முடியாது. காலையில் எல்லாரும் கிளம்பியாக வேண்டும். எல்லாரும் ஒரே திசையில், கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் நடப்பதால், நேற்று இரவு பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டவரை இன்று மதியம் ஒரு மரத்தடியில் பார்ப்பீர்கள். மூன்று நாள் காணாமல்போய், நான்காம் நாள் காலில் கட்டோடு வந்து சேர்வார். யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, நேரம் குறிக்கவில்லை. திரும்பத் திரும்பப் பார்ப்பதை அந்தப் பாதையே ஏற்பாடு செய்துவிடுகிறது.

திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு இருக்கும் பலத்தைப் பற்றி ஒரு பழைய ஆய்வும் உண்டு. சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவரது கூட்டாளிகளும், அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் குடும்பத்தோடு வசித்த குடியிருப்பில், யார் யாருக்கு நண்பர் என்று கேட்டு 1950-இல் வெளியிட்டார்கள். அங்கே யாரும் தாங்களாக வீட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. காலியான வீடு வரிசைப்படி கிடைத்தது. அடுத்த வீட்டுக்காரரை நண்பர் என்று சொன்னவர்கள் 41 சதவீதம். அதே தளத்தின் மறுகோடியில் இருந்தவரைச் சொன்னவர்கள் 10 சதவீதம். நடுவில் இருந்ததோ சில பத்தடி தூரம். மாடிப்படிக்கும் தபால் பெட்டிக்கும் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்து ஆட்களும் நண்பர்களானார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவர்கள் வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும்!

ஆகவே செய்ய வேண்டியது ரொம்பச் சாதாரணமான காரியங்கள். மூன்று ஊரில் இரண்டை வெட்டிவிடுங்கள். ஒரே ஊரில் ஒரு வாரம் இருங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே பூங்காவின் ஒரே பெஞ்சில் போய் உட்காருங்கள். முதல் நாள் நீங்கள் அந்நியர். இரண்டாம் நாள் யாரோ ஒருவர் உங்களை அடையாளம் கண்டுகொள்வார், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டார். மூன்றாம் நாள் தலையசைப்பார். நான்காம் நாள் நீங்கள் போகாவிட்டால், ஐந்தாம் நாள் ‘நேற்று வரவில்லையே?’ என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் மற்றது தானாக வரும். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் பாதி விட்டுப்போகும் என்பது உண்மைதான். விட்டுப்போகட்டும்.

உதவி கேட்பது

பயணிகள் பெரும்பாலும் உதவி செய்யத் துடிக்கிறோம், அல்லது யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருக்கப் பார்க்கிறோம். இரண்டிலும் ஒரு குறை உண்டு: நாம் யாருக்கும் கடன்படுவதில்லை. கடன் இல்லாத இடத்தில் உறவுக்கு வேலை இல்லை.

பெஞ்சமின் பிராங்க்ளின் தன் வாழ்க்கைக் கதையில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். பென்சில்வேனியா சட்டசபையில் தன்னை எதிர்த்துப் பேசிய ஓர் உறுப்பினரை எப்படிச் சரிக்கட்டுவது என்று யோசித்தார். போய்க் குழையவில்லை. அந்த மனிதரிடம் ஓர் அரிய புத்தகம் இருப்பது தெரிந்து, சில நாள் இரவல் தர முடியுமா என்று கடிதம் எழுதினார். புத்தகம் உடனே வந்தது. ஒரு வாரத்தில் நன்றிக் குறிப்போடு திருப்பி அனுப்பினார். அடுத்த முறை பார்த்தபோது அந்த உறுப்பினர் தானாக வந்து பேசினார். சாகும்வரை நண்பராக இருந்தார். 1969-இல் இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். போட்டியில் பணம் வென்றவர்களில் சிலரிடம், ‘இது என் கைப்பணம், திருப்பித் தர முடியுமா?’ என்று ஆய்வாளரே கேட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட அவரை அதிகம் பிடித்திருந்தது. தெரிந்த ஒருவருக்கு உதவி செய்தால், அவர் நல்லவர்தான் என்று நம் மனம் தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொள்கிறது போலும்.

அதற்காகப் பணம் கேட்டுவிடாதீர்கள். பெட்டியைப் பத்து நிமிடம் பார்த்துக்கொள்ளச் சொல்வது, ஒரு பேனா, இந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்று ஒரு கேள்வி, இப்படிச் சின்னதாக இருந்தால் போதும்.

ஒருமுறை இரவு ரயிலில் எதிரில் இருந்த பெரியவரின் மூக்குக்கண்ணாடியிலிருந்து திருகாணி கழன்று விழுந்தது. கடுகு அளவுதான் இருக்கும். அதுவரை அந்தப் பெட்டியில் ஒருவரும் ஒருவரோடு பேசவில்லை. அவர் கண்ணாடியின் ஒற்றைக் காலைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘யாராவது கொஞ்சம் பார்க்கிறீர்களா, எனக்கு இது இல்லாமல் அதைத் தேட முடியாது’ என்றார். நாலு பேர் கைபேசி வெளிச்சத்தோடு தரையில் தவழ்ந்தோம். திருகாணி கிடைக்கவில்லை. பழைய பயணச்சீட்டு ஒன்று, ஒற்றைத் தோடு ஒன்று, யாருடையதென்று தெரியாத சாவி ஒன்று கிடைத்தன. கடைசியில் மேல் படுக்கையில் இருந்த ஒரு பெண் இறங்கி வந்து, தன் பையிலிருந்த ஊக்கை அந்தத் துளையில் நுழைத்து வளைத்துக் கொடுத்தார். பெரியவர் மாட்டிக்கொண்டு எங்கள் எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, ‘ஓ, நீங்கள்தானா!’ என்றார். அன்று இரவு அங்கே யாரும் தூங்கவில்லை. காலையில் நான் எல்லாரையும் வைத்து ஒரு படம் எடுத்தேன். பெரியவர் என் நோட்டுப் புத்தகத்தில் தன் முகவரியை எழுதி, படத்தை அச்சுப்போட்டுத் தபாலில் அனுப்பச் சொன்னார். கட்டாயம் அனுப்புகிறேன் என்றேன்.

காசு கொடுப்பவரும் வாங்குபவரும்

பயணத்தில் நாம் அதிகம் பேசுவது, நம்மிடம் காசு வாங்குகிறவர்களோடுதான். வழிகாட்டி, ஓட்டுநர், விடுதி வரவேற்பில் நிற்பவர். அவர்கள் சிரித்த முகத்தை நட்பென்று எடுத்துக்கொண்டு ஏமாறுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு. ஆர்லி ஹாக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1983-இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதினார். அவர்களுடைய வேலையில் புன்னகையும் ஒரு பகுதி. சம்பளத்தில் அதற்கும் சேர்த்துத்தான் கூலி. அது பொய் என்று அவர் சொல்லவில்லை. அது உழைப்பு என்றார். அதை உழைப்பாகவே மதித்து நடந்துகொள்வதுதான் நாகரிகம். அவர் வேலை நேரம் முடிந்து சட்டையை மாற்றிக்கொண்டு போகும்போது வழிமறித்து ‘நாம் நண்பர்கள்தானே’ என்று நின்றால், மறுக்க முடியாத இடத்தில் அவரை வைக்கிறோம்.

கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-இல் எழுதியதை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். வெவ்வேறு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தாலே தப்பெண்ணம் குறைந்துவிடாது; இருவரும் சமமான நிலையில் நிற்க வேண்டும், ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், சுற்றியிருக்கும் அமைப்பும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்றார். கண்ணாடித் திருகாணியைத் தேடி நாலு பேர் தவழும்போது சமநிலை தானாக வந்துவிடுகிறது. வண்டியில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக ஒரு கிராமத்தைப் படமெடுக்கும்போது அது வராது. முதலில் படம், அப்புறம் பேச்சு என்று போனால் எதிரில் இருப்பவர் மனிதர் அல்ல, காட்சி. வரிசையை மாற்றிப் பாருங்கள். பாதி நேரம் படம் எடுக்கவே மறந்துபோகும்.

சமநிலைக்காகவே சிலர் அமைப்புகள் கட்டியிருக்கிறார்கள். ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் 1909-இல் மாணவர்களோடு நடைபயணம் போனபோது புயலில் மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். அப்போது தோன்றியதுதான் இளைஞர் விடுதி என்ற யோசனை. 1912-இல் ஆல்டெனா கோட்டையில் அதைத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர் முடிந்த சூட்டில், 1949-இல், டென்மார்க்கில் சிலர் ‘செர்வாஸ்’ என்ற அமைப்புக்கு அடிபோட்டார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் உங்கள் வீட்டில் காசு கொடுக்காமல் இரண்டு நாள் தங்குவார், வீட்டு வேலையில் கை கொடுப்பார், பேசுவார். இப்படிப் பழகியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் குண்டு போட மாட்டார்கள் என்பது நம்பிக்கை. 2004-இல் வந்த ‘கவுச்சர்ஃபிங்’ தளம் அதே யோசனையை இணையத்துக்குக் கொண்டுவந்தது. இந்த வழிகளில் தங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: இலவச அறை என்று நினைத்துப் போனால் இரண்டு தரப்புக்கும் கசப்புதான் மிஞ்சும். இரவு பத்து மணிக்கு வந்து படுத்துக் காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக இருந்தால், விடுதிக்கே போய்விடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். யார் வீட்டில் இருக்கிறீர்கள், எந்த வண்டியில் போகிறீர்கள் என்பது உங்கள் ஆட்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். முதல் சந்திப்பு நாலு பேர் நடமாடும் இடத்தில். பணமும் கடவுச்சீட்டும் உங்கள் உடம்போடு. மனதுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால், காரணம் சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம். மரியாதைக்குறைவாக நடந்துகொண்டோமோ என்று அப்புறம் கவலைப்பட்டுக்கொள்ளலாம். பெண்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆண்கள்தான், தனியாக இருக்கும் ஒரு பெண்ணிடம் பேச்சுக்கொடுப்பதற்கு முன் அவர் என்ன கணக்குப் போட வேண்டியிருக்கும் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு

பெரும்பாலான பயண நட்புகள் சாவது இங்கேதான். கைபேசியில் எண் இருக்கிறது, ஒருவர் போடும் படத்துக்கு மற்றவர் விருப்பக்குறி போடுகிறார், அவ்வளவோடு சரி. திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் ஒரு செய்தி அனுப்பிவிட வேண்டும் என்பது என் அனுபவம். பொதுவான நலம் விசாரிப்பு வேண்டாம். அவர் சொன்ன ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுதுங்கள்: ‘உங்கள் மகளுக்கு அந்தத் தேர்வு முடிவு வந்துவிட்டதா?’

இதில் எனக்குப் பிடித்த முன்னோடி சீனத் துறவி யுவான் சுவாங். இந்தியாவில் பல ஆண்டுகள் சுற்றிப் படித்துவிட்டு கி.பி. 645-இல் நாடு திரும்பியவர். ஏழு ஆண்டு கழித்து, 652-இல், அவருக்கு ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தது. எழுதியவர்களில் ஒருவர் புத்த கயாவில் இருந்த பிரக்ஞாதேவர் என்ற துறவி. அவரும் யுவான் சுவாங்கும் கன்னோசியில் எதிரெதிர் தரப்பில் நின்று காரசாரமாக வாதாடியவர்கள். கடிதத்தோடு வெள்ளைத் துணியும் வந்திருந்தது. உங்களை மறந்துவிடவில்லை என்று காட்டத்தான் இது, வழி ரொம்பத் தூரம், காணிக்கை சிறிதென்று நினைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். கடிதம் கொண்டுவந்தவர் 654-இல் திரும்பப் புறப்பட்டபோது யுவான் சுவாங் பதில் எழுதினார். அன்றைய வாதத்தில் வார்த்தை கொஞ்சம் தடித்துப்போனதையும் அதில் நினைவுகூர்கிறார். அப்புறம் ஓர் உதவியும் கேட்கிறார். சிந்து நதியைக் கடக்கும்போது ஒரு சுமை ஏடுகள் தண்ணீரோடு போய்விட்டன, அவற்றின் பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன், யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்ப முடியுமா?

நான் அவ்வளவு ஒழுங்கில்லை. அந்த ரயில் படத்தை அச்சுப்போட்டு அனுப்ப எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அனுப்பிய பிறகும், இவ்வளவு தாமதமாக அனுப்புவதற்கு அனுப்பாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு கூச்சம். பத்தே நாளில் பதில் வந்தது. உறைக்குள் ஒரு காகிதமும், அந்த வளைந்த ஊக்கும். கண்ணாடிக்குப் புதுத் திருகாணி போட்டாகிவிட்டது, இதை அந்தப் பெண்ணிடம் சேர்த்துவிடவும், அவர் முகவரி உங்களிடம் இருக்கும் என்று எழுதியிருந்தார்.

என்னிடம் இல்லை. ஊக்கு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.